லெய்டன்: முற்றுகையிற் பிறந்த பல்கலைக்கழகம்

லெய்டன் என்னும் பெயர் யாழ்ப்பாணத்தவர்க்கு முற்றிலும் புதிதன்று. 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், குடாநாட்டின் மேற்கே கடலிற் கிடந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. பழைய தேசப்படங்களிலும் சரித்திர நூல்களிலும் லைடன் தீவு என எழுதப்பட்டிருப்பதை எம்மிற் பலர் கண்டிருப்போம். அப்பெயருக்கு உரிய மூலநகரம் எத்தகையது, அதன் வரலாறு யாது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

அந்நகரம் நெதர்லாந்தின் தென் ஒல்லாந்து மாகாணத்தில், ஹேக் நகருக்கும் அம்ஸ்ரடாமுக்கும் இடையில் அமைந்துள்ளது. அங்குள்ள பல்கலைக்கழகமே அந்நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகமாகும். நெதர்லாந்தில் வாழும் உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்த வேளையில், இலையுதிர் காலத்து ஒரு நாளை அதனைப் பார்ப்பதற்கென ஒதுக்கினேன். அன்று கண்டவற்றையும், அவற்றின் பின்னாலுள்ள வரலாற்றையும் எமது குடும்பங்கள் அறிந்துகொள்வது பயனுடையதெனக் கருதி இங்கு எழுதுகின்றேன். ஏனெனில் போரிலே அடிபட்ட ஒரு மக்கட் கூட்டம் கட்டியெழுப்பிய கல்விக்கூடம் அது. பின்னர் வேறு நாடுகளிலிருந்து துரத்தப்பட்டோர் பலருக்குப் புகலிடமாக இருந்ததும் அதுவே.

மதில் இல்லாத வளாகம்

பல்கலைக்கழகம் என்றதும் எமது மனக்கண்ணில் தோன்றுவது பேராதனை போன்ற ஒரு காட்சி: மலைச்சாரல், புல்வெளி, பெருமரங்கள், தனித்த வாயில். லெய்டனில் அவ்வாறான எல்லையைக் காண முடியாது. நகரத்தினுள்ளே பல்கலைக்கழகமும், பல்கலைக்கழகத்தினுள்ளே நகரமுமாக இரண்டும் கலந்து கிடக்கின்றன. றாப்பன்பேர்க் என்னும் வாய்க்காலின் இரு கரைகளிலும் உயர்ந்த செங்கல் வீடுகள் நிற்கின்றன. அவற்றின் நடுவே கூரிய கூரையும் நீண்ட சாளரங்களும் கொண்ட ஒரு தேவாலயம் போலத் தோன்றுவதே பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம். உண்மையில் அது ஒரு காலத்தில் கன்னியர் மடமொன்றின் தேவாலயமாகவே இருந்தது. 1581 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகம் அதனைப் பயன்படுத்தி வருகின்றது. 1616 இல் தீ விபத்தினால் அழிவுற்றபோதும் அதே இடத்தில் மீண்டும் கட்டியெழுப்பினர்.

உள்ளே சென்றால் தேய்ந்த படிக்கட்டுகளும் பழைய மண்டபங்களும் வரவேற்கின்றன. மேல்மாடியில் ஒரு சிறிய அறை உண்டு. இறுதிப் பரீட்சைக்கு அழைக்கப்படும் மாணவர்கள் முற்காலத்தில் அவ்வறையிலேயே காத்திருந்தனர். அச்சத்தால் வியர்த்துக் கொட்டும் இடமாகையால் அதற்கு 'வியர்வை அறை' என்றே பெயர் வழங்கிவிட்டது. பட்டம் பெற்றவர் அவ்வறையின் சுவரிலே தமது கையொப்பத்தை இடுவது வழக்கம். சுவர் முழுவதும் பெயர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. 1946 இல் கௌரவப் பட்டம் பெற்ற வின்ஸ்ரன் சேர்ச்சில், 1999 இல் அதே சிறப்பைப் பெற்ற நெல்சன் மண்டேலா முதலியோர் பட்டம் பெற்ற பல்கலைக்கழகமும் இதுவே. ஆயினும் என் மனத்தைத் தொட்டவை உலகறியாத அந்த ஆயிரக்கணக்கான சாதாரணப் பெயர்களே. பரீட்சை மண்டப வாசலிற் பிள்ளைகள் நிற்கும் நிலையைப் பல்லாண்டுகள் பார்த்துப் பழகிய எந்த ஆசிரியருக்கும் அச்சுவர் அந்நியமாகத் தோன்றாது.

பசியும் கடலும்

இக்கல்விக்கூடம் எவ்வாறு தோன்றியது என்பதை அறிய 16 ஆம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும். அக்காலத்தில் நெதர்லாந்து, ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியின் கீழ் இருந்தது. கடும் வரிகளும், புரட்டஸ்தாந்து சமயத்தவர் மீதான கொடிய தண்டனைகளும் மக்களைக் கிளர்ந்தெழச் செய்தன. ஒறேஞ்ச் இளவரசர் வில்லியம் அக்கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். ஸ்பானியப் படைகள் நகரங்களை ஒவ்வொன்றாகச் சூழ்ந்து பணிய வைத்தன. 1573 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெய்டன் முற்றுகையிடப்பட்டது. 1574 வசந்த காலத்தில் முற்றுகை சிறிது தளர்ந்து, அதே ஆண்டு மே மாத இறுதியில் மீண்டும் இறுகியது.

இடைக்காலத்திற் போதிய தானியத்தைச் சேமித்து வைக்க நகரத்தவர் தவறிவிட்டனர். கோடை முடிவதற்குள் பஞ்சம் தலைகாட்டியது. பஞ்சத்தைத் தொடர்ந்து கொள்ளைநோய் வந்தது. ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர் என்பர். நகரத்து மக்களில் மூன்றிலொருவர் என்று கொள்ளலாம். சரணடைந்துவிடுவோம் என்று பசித்த மக்கள் கூச்சலிட்டபோது, நகரபிதா வன் டெர் வெர்வ், "என் கையை வெட்டி உண்ணுங்கள், நகரைக் கொடுக்கமாட்டேன்" என்றாராம். இது வரலாற்றில் நிறுவப்பட்ட செய்தியன்று, வழிவழி வந்த கதையே. எனினும் அவருடைய சிலை நகரப் பூங்காவில் நிற்கின்றது, ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைகளும் அக்கதையைக் கேட்டே வளர்கின்றனர்.

நகரைக் காத்தது கடல். லெய்டனைச் சூழ்ந்த நிலம் தாழ்நிலமாகும். கடலையும் ஆற்றையும் அணைகளே தடுத்து நிற்கின்றன. வேறு வழியின்றி அவ்வணைகளை வெட்டிவிடுமாறு இளவரசர் வில்லியம் கட்டளையிட்டார். பாடுபட்டு மீட்டெடுத்த வயல்கள் நீரில் மூழ்கின. அவ்வெள்ளத்தின் மீது தட்டையான அடியுடைய படகுகளிற் கிளர்ச்சிக் கடற்படையினர் நகரை நோக்கி வந்தனர். பல வாரங்கள் நீர்மட்டம் போதாமலும் காற்று ஒத்துழைக்காமலும் படகுகள் தேங்கி நின்றன. இறுதியிற் காற்றுத் திரும்பியது, நீர் உயர்ந்தது, ஸ்பானியர் பின்வாங்கினர். 1574 ஒக்டோபர் 3 ஆம் திகதி நகரம் மீட்கப்பட்டது. படகுகளில் வந்த உணவு ஹெறிங் மீனும் வெள்ளை ரொட்டியும். இன்றளவும் ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் லெய்டன் மக்கள் ஹெறிங் மீனும் வெள்ளை ரொட்டியும் உண்டு அதனை நினைவுகூருகின்றனர்.

வரிச்சலுகையா, கல்வியா?

முற்றுகை நீங்கிய பின்னர் நடந்ததாக ஒரு கதை சொல்வர். நகரத்தாரின் உறுதியை மெச்சிய இளவரசர், "உங்களுக்கு வரிவிலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா?" என்று கேட்க, அவர்கள் பல்கலைக்கழகத்தைத் தெரிந்தெடுத்தனராம். வரிவிலக்கு ஒருநாள் பறிபோகும், கல்வி நிலைக்கும் என்று அவர்கள் எண்ணினர் என்பது கதை. வரலாற்றாசிரியர்கள் இதனையும் ஆதாரமுள்ளதாக ஏற்பதில்லை. ஆனால் ஆவணமாக நிலைபெற்றுள்ள உண்மை இக்கதைக்குச் சற்றும் குறைந்ததன்று.

முற்றுகை நீங்கி மூன்று மாதங்கூட நிறையவில்லை. போர் ஓயவில்லை, நாட்டின் எதிர்காலம் எவருக்கும் தெரியவில்லை. அந்நிலையில், 1574 டிசெம்பர் 28 ஆம் திகதி, ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட வேண்டுமென இளவரசர் வில்லியம் ஒல்லாந்து மாகாணச் சபைக்குக் கடிதம் எழுதினார். அக்காலத்தில் அப்பிரதேசங்களில் இருந்த பல்கலைக்கழகங்கள் லூவேன், டூவே ஆகிய இரண்டுமே. இரண்டும் ஸ்பானியர் கையிலிருந்த தென்பகுதியில் இருந்தன. கிளர்ச்சி செய்த வடபகுதிக்குத் தேவையான சட்டவறிஞர், வைத்தியர், சமய போதகர் முதலியோரைப் பயிற்றுவிக்க ஓரிடமும் இல்லை. ஆயுதத்தால் மட்டும் ஒரு நாடு நிலைபெறாது, அதனை நடத்தத் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1575 பெப்ரவரி 8 ஆம் திகதி, ஊர்வலத்தோடும் இசையோடும் லெய்டன் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கடிதம் எழுதப்பட்டதற்கும் தொடக்க விழாவுக்கும் இடையே கழிந்த காலம் ஆறே வாரங்கள்! இதில் ஒரு விந்தையும் உண்டு. பல்கலைக்கழகத்தை நிறுவும் பட்டயம் ஸ்பானிய மன்னன் பிலிப்பின் பெயராலேயே எழுதப்பட்டது. மன்னனை எதிர்த்து வாளெடுத்தவர்கள், சட்டத்தின் பார்வையில் இன்னும் அவனே அரசன் என்ற பாவனையைக் கைவிடவில்லை. எவனுடைய படை நகரைப் பட்டினி போட்டதோ, அவனுடைய பெயரே நகரத்துக் கல்விக்கூடத்தின் பிறப்புச் சான்றிதழில் இடம்பெற்றது.

துரத்தப்பட்டோரின் வரவு

பட்டயம் மட்டும் பல்கலைக்கழகம் ஆகிவிடாது. தொடக்கத்தில் மாணவரும் சிலரே, ஆசிரியரும் சிலரே. அதன் புகழை உயர்த்தியோரிற் பெரும்பாலானோர் வேற்றிடங்களிலிருந்து வந்தவர்கள். 1585 இல் அன்ற்வேப்பன் நகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்ததும் தென்பகுதியிலிருந்து புரட்டஸ்தாந்தர் ஆயிரக்கணக்கில் வடக்கே பெயர்ந்தனர். அவர்களில் நெசவாளர், வணிகர், அச்சகத்தார், கல்விமான்கள் எனப் பலதரத்தினரும் இருந்தனர். 1581 இல் ஏறத்தாழ 12,000 ஆக இருந்த லெய்டன் மக்கட்டொகை 1622 இல் ஏறத்தாழ 45,000 ஆக உயர்ந்தது. பிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து வந்த நெசவாளரே, நலிந்திருந்த நகரத்துத் துணித் தொழிலுக்கு மீண்டும் உயிரூட்டினர். அகதிகள் ஊருக்குச் சுமை என்போர் இக்கணக்கை ஒருமுறை பார்ப்பது நன்று.

பல்கலைக்கழகத்திலும் அதுவே நடந்தது. அக்கால ஐரோப்பாவின் தலைசிறந்த மொழியறிஞராகக் கருதப்பட்ட ஜோசப் ஸ்கலிஜர், சமயப் போரால் அலைக்கழிந்த பிரான்சிலிருந்து 1593 இல் வந்து சேர்ந்தார். விரிவுரை நிகழ்த்த வேண்டுமென்ற கட்டாயங்கூட அவருக்கு இல்லை. அவர் அங்கு வாழ்ந்தாலே போதும் என்று பல்கலைக்கழகம் கருதியது. 1609 இல் இறந்தபோது தமது கீழைத்தேய மொழி நூல்களை நூலகத்துக்கே விட்டுச்சென்றார். அதே 1593 இல், தாவரவியல் அறிஞர் குளூசியஸ் தமது முதிர்ந்த வயதில் லெய்டனுக்கு வந்தார். வியன்னாவில் அரச பூங்காவைப் பராமரித்த அவர், புரட்டஸ்தாந்தர் என்பதால் அப்பதவியை இழந்தவர். தலைமைக் கட்டடத்தின் பின்னாலுள்ள தாவரவியற் பூங்காவை உருவாக்கியவர் அவரே. 1594 இல் அங்கு அவர் நட்ட ரியூலிப் கிழங்குகள் மலர்ந்தன. இன்று ஒல்லாந்து என்றவுடன் உலகம் நினைப்பது ரியூலிப் மலரையே. அம்மலரும் துருக்கி வழியாக வந்தது, அதை நட்டவரும் அயலிடத்தவர்.

லூவேனிலிருந்து குடிபெயர்ந்து வந்த லூயி எல்செவியர் பல்கலைக்கழகத்தின் அருகே புத்தகக் கடை வைத்தார். அவருடைய வழித்தோன்றல்கள் ஐரோப்பாவின் புகழ்பெற்ற அச்சகத்தாராயினர். இத்தாலியிலே சமய நீதிமன்றத்தின் தண்டனைக்குள்ளாகி வீட்டுக் காவலில் இருந்த கலிலியோவின் கடைசிப் பெருநூல், 1638 இல் லெய்டனில் எல்செவியர் அச்சகத்திலேயே வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு, பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட்டின் முதல் நூலும் லெய்டனில் அச்சேறியது. சொந்த நாட்டில் வாய்திறக்க முடியாதவர்களின் எழுத்துக்கு இந்நகரம் வாயாக இருந்தது.

புகலிடத்தின் எல்லைகள்

இவ்வளவும் படித்துவிட்டு லெய்டனை ஒரு சொர்க்கபூமியாக எண்ணிவிடக் கூடாது. புகலிடத்துக்கும் எல்லைகள் உண்டு என்பதை அதே நகரத்தின் வரலாறு காட்டுகின்றது.

1609 இல், இங்கிலாந்தின் அரச திருச்சபையை ஏற்க மறுத்த ஒரு சிறு ஆங்கிலேயக் கூட்டம் லெய்டனில் அடைக்கலம் புகுந்தது. அவர்களின் போதகர் ஜோன் றொபின்சன் 1615 இல் பல்கலைக்கழகத்திற் பதிவு செய்யப்பட்டார். அவர்களுடைய மூத்தோருள் ஒருவரான வில்லியம் பிறூஸ்டர், பல்கலைக்கழக மாணவருக்கு ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தார், இரகசியமாக நூல்களும் அச்சிட்டார். அந்நூல்கள் இங்கிலாந்து மன்னனைச் சினங்கொள்ளச் செய்தன. மன்னனுடைய தூதர் நெருக்கியபோது, 1619 இல் ஒல்லாந்து அதிகாரிகள் அவ்வச்சகத்தின் மீது கைவைத்தனர். பிறூஸ்டர் தலைமறைவானார்.

அம்மக்களின் அன்றாட வாழ்வும் கடினமானதே. ஊரிலே கமம் செய்து வாழ்ந்தவர்கள், இங்கே துணித் தொழிலிற் கூலிக்கு உழைத்தனர். அவர்களுள் ஒருவரான வில்லியம் பிராட்போர்ட் பின்னாளில் எழுதிவைத்த வரலாற்றில், தாம் லெய்டனை விட்டு வெளியேறியதற்கான காரணங்களைக் கூறுகின்றார். கடும் உழைப்பு, காலத்துக்கு முன்னரே வந்த முதுமை, பெற்றோரின் பாரத்தைச் சுமந்து பிள்ளைகளும் இளவயதிலேயே கூன்விழுந்தமை, சில பிள்ளைகள் பெற்றோரின் சொல்லை மீறி வேறு வழிகளிற் சென்றமை என்பன அவற்றுட் சில. தம் பிள்ளைகள் மொழியையும் இனப்பெயரையும் இழந்து ஒல்லாந்தராகவே மாறிவிடுவர் என்ற கவலையும் அவர்களிடையே இருந்ததை அக்கூட்டத்தினரின் எழுத்துக்கள் காட்டுகின்றன. 1620 இல் அவர்களில் ஒரு பகுதியினர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். இன்று அமெரிக்கர் தம் நாட்டின் முன்னோர் எனப் போற்றுவது அவர்களையே. லெய்டனில் எஞ்சியோர் காலப்போக்கில் உள்ளூர் மக்களோடு கலந்து மறைந்தனர். றொபின்சன் 1625 இல் அங்கேயே இறந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து சில நிமிட நடையிலுள்ள புனித பேதுரு தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அத்தேவாலயத்தின் அருகே நின்றபோது, 17 ஆம் நூற்றாண்டின் அந்தப் பெற்றோரின் கவலை எமது வீடுகளில் இரவுச் சாப்பாட்டு மேசையில் நாம் பேசிக்கொள்ளும் கவலைதானே என்று நினைத்தேன். இரண்டு வேலை பார்க்கும் தந்தை, வேற்றுமொழியில் விடையளிக்கும் பிள்ளை. இவை எமக்கு மட்டும் வாய்த்த துன்பங்கள் அல்ல.

புகலிடம் தந்தவர்களே ஏதிலிகளாக மாறிய கதையும் இங்கு உண்டு. லெய்டனில் 11 வயதிலேயே மாணவராகச் சேர்ந்த அபூர்வ மேதை ஹியூகோ குறோசியஸ். 1618 இல் ஒல்லாந்துப் புரட்டஸ்தாந்தரிடையே மூண்ட அரசியல், சமயப் பிணக்கில் அவர் தோற்ற அணியில் இருந்தார். ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது. 1621 இல், அவருக்குப் புத்தகங்கள் அனுப்பப்பட்டுவந்த பெட்டிக்குள் அவரை மறைத்துவைத்து, அவருடைய மனைவி சிறையிலிருந்து தப்பவைத்தார். பாரிஸ் நகரில் அகதியாக வாழ்ந்துகொண்டே, போரையும் சமாதானத்தையும் பற்றிய சட்டநூலை அவர் 1625 இல் வெளியிட்டார். சர்வதேசச் சட்டத்தின் அடிக்கற்களில் ஒன்றாக அந்நூல் இன்றும் கருதப்படுகின்றது.

எம்மோடுள்ள தொடர்பு

தீவின் பெயரோடு லெய்டனுக்கும் எமக்குமுள்ள தொடர்பு முடிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்திற் பணியாற்றிய பல்டேயஸ் பாதிரியார் லெய்டனிற் சமயக்கல்வி கற்றவர். 1672 இல் வெளிவந்த அவரது நூல், யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்றுகளையும் அவற்றோடிணைந்த பள்ளிக்கூடங்களையும் பற்றி ஊர் ஊராக விவரிக்கின்றது. எமது பழைய ஊர்களை அறிய விரும்புவோர் அந்நூலைத் தவிர்க்க முடியாது. இலங்கையில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இருந்து மூலிகைகளைச் சேகரித்த போல் ஹெர்மன், பின்னர் லெய்டனிற் பேராசிரியராகிப் பூங்காவையும் நிருவகித்தார். அவர் சேகரித்த இலங்கைத் தாவரங்களை ஆதாரமாகக் கொண்டே 1747 இல் லின்னேயஸ் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார்.

இன்னொரு தொடர்பு சோழர் காலத்தது. முதலாம் இராசராசன், நாகபட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுப்பித்த பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்த செய்தியைக் கூறும் 21 செப்பேடுகளும், முதலாம் குலோத்துங்கன் காலத்து 3 செப்பேடுகளும் 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றுவிட்டன. ஒல்லாந்தப் பாதிரியார் ஒருவர் வழியாக நெதர்லாந்து சென்ற அவை, 1862 இல் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. சைவ மன்னன் பௌத்தப் பள்ளிக்கு நிலவருவாய் அளித்ததையும், கடல் கடந்த நாட்டரசன் தமிழ்நாட்டில் விகாரம் கட்டியதையும் உலகம் அறிய அவை உதவின. ஆயினும் அவை பிறந்த மண்ணிலேயே இருக்க வேண்டும் என்னும் கோரிக்கை நெடுநாளாக எழுந்து வந்ததில் நியாயம் உண்டு.

ஓர் உண்மையை மறைப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஸ்பானியரின் சமயக் கொடுமையை எதிர்த்துப் பசியோடு போராடியவர்களின் பேரப்பிள்ளைகள், யாழ்ப்பாணத்தில் ஆட்சியைக் கைப்பற்றியதும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று அறிவித்தனர். தமக்கு வேண்டிய சுதந்திரத்தைப் பிறர்க்கு மறுத்தனர். துன்பப்பட்ட இனம் என்பதனாலேயே ஓர் இனம் நீதியுடையதாகிவிடாது என்பதை எந்தக் காலத்தவரும் மனத்திற் கொள்ள வேண்டும்.

1940 நவம்பர் 26

லெய்டன் பல்கலைக்கழகத்தின் இலச்சினை வாக்கியம் இலத்தீன் மொழியில் அமைந்தது. 'சுதந்திரத்தின் அரண்' என்பது அதன் பொருள். இத்தகைய வாக்கியங்களை எல்லாக் கல்லூரிகளும் வாசலிற் பொறித்துக்கொள்கின்றன. சோதனைக் காலத்திலேதான் அவற்றின் பெறுமதி தெரியும். லெய்டனுக்கு அச்சோதனை 1940 இல் வந்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் ஹிட்லரின் ஜேர்மன் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றின. அதே ஆண்டின் பிற்பகுதியில் யூதராகிய அரச ஊழியரும் ஆசிரியரும் பதவியினின்று அகற்றப்பட்டனர். லெய்டனிற் குடியியற் சட்டப் பேராசிரியராக இருந்த எடுவார்ட் மெயெர்ஸ் அவர்களில் ஒருவர். அந்நாட்டின் தலைசிறந்த சட்டமேதைகளுள் வைத்து எண்ணப்பட்டவர் அவர். நவம்பர் 26 ஆம் திகதி காலை, மெயெர்ஸ் வழக்கமாக விரிவுரை நிகழ்த்த வேண்டிய நேரத்தில், அவருடைய மாணவராக இருந்தவரும் சட்ட பீடாதிபதியுமான றூடொல்வ் கிளெவெரிங்கா தலைமைக் கட்டடத்தின் பெரிய மண்டபத்திலே ஏறி நின்றார். பதவிநீக்கக் கடிதத்தை வாசித்தார். அதன்பின் ஜேர்மனியரைத் திட்டவில்லை, மாணவரைக் கிளர்ச்சிக்குத் தூண்டவுமில்லை. தம் ஆசிரியர் எத்தகைய அறிஞர், அவர் செய்த பணி யாது என்பதை மட்டும் நிதானமாக எடுத்துரைத்தார். அத்தகைய ஒருவரை இனத்தின் பெயரால் அகற்றுவது சட்டத்துக்கும் நீதிக்கும் முரணானது என்பது அவ்வுரையிலிருந்து எல்லோர்க்கும் விளங்கியது. உரை முடிந்ததும் கூடியிருந்தோர் தேசிய கீதத்தைப் பாடினர்.

அன்றிரவே மாணவர் அவ்வுரையைப் படியெடுத்து நாடெங்கும் பரப்பினர். மாணவர் வகுப்புக்களைப் புறக்கணித்தனர். மறுநாள் ஜேர்மனியர் பல்கலைக்கழகத்தை மூடினர். கிளெவெரிங்கா கைது செய்யப்பட்டு 1941 கோடை வரை சிறையில் வைக்கப்பட்டார். பின்னர் நாஸிகள் தமக்கு உகந்த முறையிற் பல்கலைக்கழகத்தை மீண்டும் நடத்த முற்பட்டபோது, 1942 இற் பெரும்பாலான பேராசிரியர்கள் தாமே பதவி விலகினர். 1945 இல் நாடு விடுதலை பெறும் வரை அக்கட்டடம் அதன் உண்மையான பணிக்குத் திரும்பவில்லை.

மெயெர்ஸ் 1942 இற் கைது செய்யப்பட்டுத் தெரேசியன்ஸ்ராட் முகாம் வரை கொண்டுசெல்லப்பட்டார். இலட்சக்கணக்கான யூதர் மாண்ட அக்கொடுமையிலிருந்து அவர் உயிர் தப்பியது அரிய நிகழ்ச்சி. திரும்பி வந்தவரிடம் 1947 இல் நாட்டின் புதிய குடியியற் சட்டக்கோவையை வரையும் பொறுப்பை அரசாங்கம் ஒப்படைத்தது. 1954 இல் அவர் மறைந்தபோது அப்பணி முற்றுப்பெறவில்லை. அவர் இட்ட அத்திவாரத்தின் மீது பிறர் கட்டிய அச்சட்டக்கோவையின் முக்கிய பகுதிகள் 1992 இல் நடைமுறைக்கு வந்தன. சட்டத்தின் பாதுகாப்பு மறுக்கப்பட்ட ஒரு மனிதர், தம்மைக் காக்கத் தவறிய நாட்டுக்கே சட்டம் எழுதிக் கொடுத்தார். உரை நிகழ்ந்த அந்த மண்டபத்தில் நின்றபோது, கிளெவெரிங்காவின் துணிவோடு மெயெர்ஸின் பொறுமையும் சேர்த்து நினைக்கத்தக்கது என்று எனக்குப் பட்டது.

பிள்ளைகளுக்குச் சொல்ல

எம்மிற் பலர் கற்ற பாடசாலைகள் குண்டுவீச்சுக்குள்ளாகியும், அகதி முகாம்களாக மாறியும் கிடந்ததை நாம் அறிவோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்ததைக் கண்ணாற் கண்டவர்களும் எம்மிடையே உள்ளனர். ஆதலால், சாவு வீடாகக் கிடந்த ஒரு நகரம் நான்கு மாதங்களிற் பல்கலைக்கழகத்தைத் திறந்தது என்று படிக்கும்போது, அதன் பெறுமதியை மற்றெவரையும் விட நாமே நன்கு உணர்வோம். நாடு அமைதி அடைந்த பின்னர் படிப்பைப் பார்த்துக்கொள்வோம் என்று அவர்கள் காத்திருந்தால், அவர்கள் 1648 வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஸ்பானியரோடு நிகழ்ந்த போர் அந்த ஆண்டிலேயே உடன்படிக்கையால் முடிவுற்றது. அதற்குள் மூன்று தலைமுறைகள் லெய்டனிற் படித்து வெளியேறிவிட்டன.

ஆங்கிலேய அகதிகளின் கவலைக்கும் இவ்வரலாற்றிலிருந்து ஓரளவு விடை பெறலாம். ஸ்கலிஜரோ குளூசியஸோ லெய்டனில் வாழ்ந்ததால் தம் அறிவை இழக்கவில்லை, கொண்டுவந்ததைக் கொடுத்தனர், அங்கு கிடைத்ததைப் பெற்றனர். எமது பிள்ளைகளும் புகலிட நாட்டின் மொழியில் முதன்மை பெறட்டும். அத்துடன், பெற்றோர் கொண்டுவந்த மொழியையும் கையில் வைத்திருக்கட்டும். சனிக்கிழமைகளில் இரவல் வகுப்பறைகளில் நடக்கும் தமிழ்ப் பாடசாலைகளைச் சிறியனவென்று எண்ணி விட்டுவிடக் கூடாது. லெய்டன் பல்கலைக்கழகமும் பிறரிடமிருந்து பெற்ற ஒரு மடத்துக் கட்டடத்திலேயே வளர்ந்தது.

விடுமுறையில் நெதர்லாந்துப் பக்கம் செல்லும் குடும்பங்கள், ரியூலிப் தோட்டங்களைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஒரு பிற்பகலை லெய்டனுக்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். செல்லும் வழியிற் பிள்ளைகளுக்கு இரண்டு திகதிகளைச் சொல்லிக் கொடுங்கள். ஒன்று 1574 ஒக்டோபர் 3, பசித்த நகரம் மீண்ட நாள். மற்றையது 1940 நவம்பர் 26, ஓர் ஆசிரியருக்காக அவருடைய மாணவர் எழுந்து நின்ற நாள். இவ்விரண்டையும் அறிந்துகொண்டு றாப்பன்பேர்க் வாய்க்காலின் கரையில் நடக்கும் பிள்ளைக்கு, அக்கட்டடம் ஏன் அங்கு நிற்கிறது என்பதை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை.